தலை தீபாவளிக்கு ஒரு பஸ்

சேரப்பணஞ்சேரியில் கோவிந்தம்மாவின் லைன் வீட்டுக் கேட்டைத் தாண்டி ஒரு அந்நியன் உள்ளே வருவது லேசுப்பட்ட காரியமில்லை. எட்டு அறைகள், அறைக்கு ஐந்து பேர், ஆக நாற்பது வாலிபர்கள். எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரகடத்துக் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. சம்பளத் தேதி ஏழு என்பது அந்தப் பையன்களைவிடப் பித்தலாட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் தேதி சாயங்காலமே வர ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் பெயருக்குக் குலுக்கலில் மிக்ஸி விழுந்திருக்கிறது என்று ஒருவன் வருவான். கேஸ் அடுப்புக்கு அரசாங்கச் சோதனை என்று காக்கிச் சட்டையில் ஒருவன். துபாயில் வேலை, இப்போதைக்கு மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள் போதும் என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி. கோவிந்தம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கு உள்பக்கம் நிற்பாள்.

“கேட்டாண்டயே நில்லு. இன்னா வோணும்? அங்கேர்ந்தே சொல்லு.”

அவளுக்கு அடுத்த காவல் நம்பிராஜன். கேட்டை ஒட்டிய முதல் அறை அவனுடையது. மிக்ஸிக்காரனிடம், “குலுக்கல்ல என் பேரு விழுந்துச்சுன்னா என் பேரச் சொல்லும் பாப்போம்” என்று கேட்டு, அவன் முழித்த முழியில் லைன் வீடே கைதட்டியது. அன்றிலிருந்து ஒரு சின்ன கர்வம் அவனுக்கு. நம்பியை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று மற்றவர்கள் சொல்லும்போது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவான். உள்ளுக்குள் இனிக்கும்.

அந்த வருஷம் ஆவணியில் அவன் தங்கை அன்னக்கிளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அதே அறையில் பாய் போட்டுப் படுக்கிற சுடலைதான். நம்பிராஜனே பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம். ஆறு நாள் லீவில் தாலி கட்டிவிட்டு ஏழாம் நாள் வேலைக்கு வந்து நின்றவன் சுடலை. புது மனைவியின் முகம் அவனுக்கு மனப்பாடம் ஆவதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அடுத்து வருவது தீபாவளி, தலை தீபாவளி. விடியுமுன்னே மாப்பிள்ளை மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார வேண்டும். அன்றைக்கு அவன் வராமல் போனால் ஊர் வாயை யார் மூடுவது? கட்டிக்கொடுத்து இரண்டு மாதத்தில் என்ன சண்டையோ, என்ன குறையோ என்று தெருவே கண் காது வைத்துப் பேசும்.

அன்னக்கிளி ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு போனிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

“அண்ணே, அவிய வந்துருவாவள்லா?”

“நான் கூட்டிட்டு வாரேன் பிள்ள. எம்பொறுப்பு” என்று நம்பிராஜன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டான்.

சொல்வது சுலபம். தீபாவளிக்குத் தெற்கே போகிற ரயிலில் இடம் பிடிப்பது, ஷிப்டில் நிற்கிறவனுக்கு நடக்கிற காரியமா? கவுண்ட்டர் திறக்கிற நேரத்தில் இவர்கள் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பார்கள். கோயம்பேட்டுக்குப் போனால் ஆம்னி பஸ்காரன் வாய்க்கு வந்ததைக் கேட்பான். புரட்டாசி பிறந்தும் கையில் டிக்கெட் இல்லை. சுடலை காலண்டரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு, வெயில் மண்டையைப் பிளந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை.

“கொஞ்சம் தண்ணி கெடைக்குமா தம்பி?”

கோவிந்தம்மாவின் சட்டத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணி கேட்டவனை வெளியே நிற்கவைக்கக் கூடாது. நம்பிராஜன் கேட்டைத் திறந்து, அறை வாசலில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தான். வந்தவர் வாசல் நிலையோரம் நின்று, அண்ணாந்து, அவசரமே இல்லாமல் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய சட்டைகள், கைலிகள், வெங்காயப் பை எல்லாவற்றையும் பார்த்து, “பேச்சிலர் குடித்தனம்னா எல்லாம் வெளியதான் தொங்கும், என்ன?” என்று சிரித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவருடைய பேச்சே மாறியிருந்தது.

“தம்பிக்கு நாங்குநேரிப் பக்கமோ?”

“ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சிய?”

“பேச்சுதான். நமக்கும் அந்தப் பக்கந்தான்டே. செண்பகக்குளத்துல வனமாமலை அண்ணாச்சி தெரியுமா? ஆவணியில அவிய மக கல்யாணத்துக்கு வந்திருந்தேன். அன்னக்கிளின்னு பிள்ளைக்குப் பேரு. ரொம்ப நல்ல மனுசன்.”

அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, லாரி புகையும் கெமிக்கல் நாற்றமும் வீசுகிற இந்த ரோட்டோரத்தில், ஒரு மனிதர் வந்து அப்பாவின் பெயரைச் சொல்கிறார். அதுவும் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறார். நம்பிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவிய எங்கப்பாதான்! அன்னக்கிளி என் தங்கச்சி. மாப்ள இந்தா, உள்ளதான் தூங்கிட்டிருக்காரு!”

“ஏ, அப்படியா? வனமாமலை அண்ணாச்சி மகனா நீ!” என்று அவர் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். வேல்ராஜ் என்று பெயர் சொன்னார். மதுரையில் டிராவல்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னார். மிக்ஸிக்காரனிடம் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்க நம்பிராஜனுக்குத் தோன்றவே இல்லை. கேட்காமலே அவர்தான் பதில் சொல்லிவிட்டாரே.

சும்மா சொல்லக் கூடாது, ஆள் தொழில் தெரிந்தவன். முதல் நாள் பஸ்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு பொட்டலம் காரச்சேவோடு வந்தான். அப்போதுதான் போகிறபோக்கில் சொன்னான், தீபாவளிக்கு ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து நேராக நாங்குநேரிக்கு ஒரு பஸ் விடலாம் என்று யோசனை இருப்பதாக. வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் மூன்று மணிக்குக் கிளம்பினால் விடியக் காலம் நான்கு மணிக்கு ஊர். நம்பிராஜன் பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்தபோது அவன் கையைத் தட்டிவிட்டான்.

“ரூவாய உள்ள வைடே. மொதல்ல ஆள் சேரட்டும். பேர எழுது. நீதான் பொறுப்பு.”

பொறுப்பு என்ற சொல்லைத் தெரிந்துதான் சொன்னானா, தெரியாமல் சொன்னானா? நம்பிராஜன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அறை அறையாகப் போய்ப் பெயர் எழுதினான். தன் அறை முடிந்து, லைன் முடிந்து, பக்கத்து லைனுக்கும் போனான். ஐம்பத்திரண்டு பெயர் சேர்ந்தது. அதில் பாதிப் பேர் வேல்ராஜின் முகத்தையே பார்க்காதவர்கள். நம்பி சொல்கிறான், போதாதா?

கோவிந்தம்மா மட்டும் முனகினாள். “யாருபா அந்த ஆளு? வாராவாரம் வந்து குந்திக்கினு கீறான்? கார்டு கீதா, ஆபீஸ் எங்க கீதுன்னு கேட்டியா?”

“அக்கா, அவரு எங்க ஊருக்காரரு. எங்க அப்பாவத் தெரியும்.”

“இன்னாமோ, நீ சொல்றேன்னு உடுறேன்” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

நான்காம் ஞாயிறு வேல்ராஜ் வந்து தலைக்கு நானூறு வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவருக்கும் சீட் நம்பர் போட்ட அச்சடித்த டிக்கெட் கொடுத்தான். முதல் இரண்டு சீட்டையும் சுடலைக்கும் நம்பிராஜனுக்கும் எழுதி, “மாப்பிள்ளைக்கு ஜன்னலோரம்” என்று கண்ணடித்தான். சுடலை வெட்கப்பட்டுச் சிரித்தான். அன்றைக்கு சாயங்காலமே நம்பிராஜன் தங்கைக்குப் போன் போட்டு, “டிக்கெட்டு கையில இருக்கு பிள்ள, ஜன்னலோரம்” என்றான்.

தீபாவளிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. இரண்டே முக்காலுக்கே கூட்ரோட்டில் ஐம்பத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். பையும் பட்டாசுப் பெட்டியும் ஸ்வீட் பாக்கெட்டுமாக ரோட்டோரம் நிரம்பி வழிந்தது. சுடலை அன்னக்கிளிக்கு வாங்கிய சுடிதாரைக் கசங்காமல் மடியில் வைத்திருந்தான். மூன்று மணி ஆயிற்று. வாலாஜாபாத் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும் எல்லோரும் எழுந்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். மூன்றரைக்கு நம்பிராஜன் டீக்கடை காயின் போனிலிருந்து வேல்ராஜின் செல்லுக்குப் போட்டான். சுவிட்ச் ஆஃப். நான்கு மணிக்குப் போட்டான். நாலேகாலுக்குப் போட்டான். நான்கரைக்குப் போட்டபோது டீக்கடைக்காரரே, “உட்டுடுப்பா” என்று ரிசீவரை வாங்கி வைத்தார்.

ஐந்து மணிக்குமேல் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் நம்பிராஜனைப் பார்த்தார்கள்.

கண்ணப்பன் என்று நாலாம் அறைப் பையன், சட்டையைப் பிடித்துவிட்டான். “எங்கல உன் அண்ணாச்சி? கமிசன் எம்புட்டுல குடுத்தான் உனக்கு?” நம்பிராஜன் கையைக்கூடத் தட்டிவிடவில்லை. அவன் கண் சுடலையைத் தேடியது. சுடலை மடியிலிருந்த சுடிதாரைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

இருட்டுமுன் தாம்பரம் போய், தெற்கே போகிற பஸ்களைப் பார்த்தார்கள். கால் வைக்க இடமில்லை. கூரையில் ஏறினவனையே போலீஸ் இறக்கிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் முட்டி மோதி எப்படியோ ஏறிவிட்டார்கள். சுடலை படியில் தொத்தினான், விழுந்தான், முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அப்புறம் அவன் முயற்சி பண்ணவில்லை.

தீபாவளி விடிந்தது. செண்பகக்குளத்தில் மணையைப் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் அப்பா தெருமுனைக்குப் போய் வந்ததாகப் பிறகு தெரிந்தது. எட்டு மணிக்கு அன்னக்கிளி தனியாக உட்கார்ந்து தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாளாம். நம்பிராஜன் போன் போட்டபோது அவள் அழவில்லை. “சரிண்ணே” என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

கோவிந்தம்மா இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுவந்து முதல் அறை வாசலில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன் பேரு, தங்கச்சி பேரு, கல்யாணம் ஆன மாசம், இதெல்லாம் அவனுக்கு எப்டிபா தெரிஞ்சிது? யாராச்சும் சொல்லாம தெரியுமா?”

அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சுடலை திரும்பினான். “அதத்தான் நானும் கேக்கேன். நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும், மச்சான்?”

“நான் வாயே திறக்கலடே. வந்ததும் அவன்தான் சொன்னான்.”

“அப்போ கடவுள் வந்து சொன்னாரோ?” என்று சுடலை மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கூடப் படுத்து, கூடச் சாப்பிட்டு, தங்கையையும் கட்டிக்கொண்டவன், தன்னைத் திருடனுக்குத் துணைபோனவனாக நினைக்கிறான். வேல்ராஜ் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியபோது வலிக்காத இடத்தில் நம்பிராஜனுக்கு அப்போது வலித்தது.

மத்தியானம் கஞ்சிக்கு வெங்காயம் எடுக்கலாம் என்று வாசலுக்கு வந்து கையை நீட்டியவன், அப்படியே நின்றுவிட்டான்.

நிலையோரம் ஆணியில் தொங்கிய வெங்காயப் பை மஞ்சள் பை. கல்யாணத்தில் வந்தவர்களுக்குத் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. சிவப்பு எழுத்தில், ‘செல்வி அன்னக்கிளி – செல்வன் சுடலை’. கீழே ஆவணித் தேதி. அதற்கும் கீழே, ‘தங்கள் வருகைக்கு நன்றி. வனமாமலை குடும்பத்தார், செண்பகக்குளம், நாங்குநேரி வட்டம்’. போகிற வருகிறவன் பார்க்கட்டும், எங்கள் வீட்டுக் கல்யாணம் என்று எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மாட்டியது அவனேதான். அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறவனின் கண்ணுக்கு நேரே இருந்தது அது.

நம்பிராஜன் பையைக் கழற்றிக்கொண்டுபோய் சுடலையின் முன்னால் போட்டான். வெங்காயம் தரையில் உருண்டது. சுடலை படித்தான், புரிந்தது. ஆனாலும் புரிந்ததும் மனசு ஆறிவிடுமா? “கடைசில உன் தங்கச்சி கல்யாணப் பையில கொண்டாந்து பழியப் போடுத” என்று எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு ஆறாம் அறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு கோவிந்தம்மாதான் கூட வந்தாள். டிக்கெட்டில் இருந்த விலாசத்தில் மதுரையில் ஒரு மாவு மில் இருந்தது. வேல்ராஜ் என்ற பெயரும் எந்தப் பையிலிருந்து எடுத்ததோ யார் கண்டது. திரும்பி வந்ததும் அவள் ஒரு தகரப் பலகையும் பெயிண்டும் வாங்கிவந்து நம்பிராஜன் கையில் கொடுத்தாள். லைனிலும் தெருவிலும் இனி ஒருத்தன் ஏமாறக் கூடாது, பட்டவன் கையாலேயே எழுது என்றாள். அவன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினான்: ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. ஊர்ப் பேர், அப்பா பேர் சொன்னாலும் நம்பாதீர். பணம் கொடுக்காதீர்.’ லைன் முழுக்க வாசலில் தொங்கிய கல்யாணப் பைகள் பதினொன்றையும் கழற்றி உள்ளே போடவைத்தான். பையன்கள் போட்டார்கள். ஆனால் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருபத்திரண்டு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பகல். கோவிந்தம்மா படப்பைக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். சுடலைக்குக் கம்பெனியில் ஓவர்டைம். கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். அறுபது இருக்கும். லாரி டிரைவருக்குரிய காக்கிச் சட்டை, கிரீஸ் படிந்த விரல்கள், வியர்த்து ஊற்றிய முகம்.

“தம்பி, கொஞ்சம் தண்ணி குடுப்பா. கூட்ரோட்டுல வண்டிய விட்டுட்டு நடந்தே வாரேன்.”

நம்பிராஜன் எழுந்து வந்தான். கேட்டைத் திறக்கவில்லை.

“யாரு நீங்க?”

“நான் தாண்டவராயன். சுடலைக்குத் தாய்மாமன். கல்யாணத்தன்னைக்கு நாக்பூர்ல லோடு எறக்கிட்டிருந்தேன், வர முடியல. நீ வனமாமலை மகன்தான? மூக்கப் பாத்தாலே தெரியுதே.”

அப்பா பேர், கல்யாணம், நாங்குநேரிப் பேச்சு. ஒவ்வொரு சொல்லாக வந்து விழ விழ நம்பிராஜனின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“கேட்டாண்டயே நில்லுங்க” என்றான். கோவிந்தம்மாவின் குரல் தன் வாயிலிருந்து வருவது அவனுக்கே விநோதமாக இருந்தது.

பெரியவர் கேட்டில் தொங்கிய பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் சுண்டியது. ஆனாலும் கோபப்படவில்லை. இவனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று தோள் பையைத் திறந்து, உள்ளேயிருந்ததை எடுத்துக் கம்பிக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“இந்தா பாரு, உங்க வீட்டுக் கல்யாணப் பைதான். உங்கப்பா கையால குடுத்து விட்டாவ. இனியாவது நம்புதியா?”

மஞ்சள் பை. சிவப்பு எழுத்து. உலகத்தில் அவர் வேறு எதைக் காட்டியிருந்தாலும் நம்பிராஜன் ஒருவேளை திறந்திருப்பான்.

“போங்க” என்றான். “போறியளா, போலீசக் கூப்பிடவா?”

தாண்டவராயன் பையைக் கேட்டின் கம்பி முனையில் மாட்டினார். “சுடலைட்ட குடுத்துரு. எனக்கு மூணு மணிக்கு வண்டி எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தெருத் திரும்பிய பிறகுதான் நம்பிராஜன் பையை எடுத்தான். உள்ளே சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டியும் சட்டையும், ஒரு எவர்சில்வர் தூக்கில் முந்திரிக்கொத்தும் இருந்தன. ஒரு நோட்டுத் தாளில் அன்னக்கிளியின் கோழிக்கிறுக்கல் எழுத்து. ‘அண்ணா, மாமா பாவம் ராத்திரி பூராவும் வண்டி ஓட்டி வாராவ. சோறு போட்டு அனுப்பு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுறது இல்லைன்னு கேள்விப்பட்டேன். எனக்காகப் பேசுங்க.’

அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். கூட்ரோடு போய்ச் சேர மூச்சு வாங்கியது. ரோட்டோரம் வரிசையாக லாரிகள். எதிலும் அந்தக் காக்கிச் சட்டை இல்லை. டீக்கடைக்காரர், “இப்பதாம்பா ஒரு வண்டி எடுத்துகினு போனாரு பெரியவரு” என்றார்.

திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது கம்பெனி பஸ் நின்றது. சுடலை யூனிபார்மோடு வந்தான். நம்பிராஜனின் மடியில் இருந்த பையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இருபத்திரண்டு நாளில் முதல்தடவையாக அவனிடம் பேசினான்.

“மாமா வந்தாவளா மச்சான்? நேத்தே போன்ல சொன்னாவ. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சியா? சாப்பிட்டாவளா?”

பொய் சொல்லியிருக்கலாம். நம்பிராஜனுக்கு இனி ஒரு பொய்யைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு இல்லை.

“கேட்டத் தொறக்கல” என்றான். “தண்ணி கேட்டாவ. நான் குடுக்கல.”

சுடலை கேட்டில் இருந்த பலகையைப் பார்த்தான். வாசலில் இருந்த குடத்தைப் பார்த்தான். குனிந்து அவன் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டான்.

“அவனுக்குக் குடுத்தியே, மச்சான்” என்று சொல்லிவிட்டு ஆறாம் அறைக்கு நடந்தான்.